39 மீட்டர் கண்ணாடி வந்தால் வேற்றுலக உயிர் தெரிந்துவிடுமா?

"சிலி நாட்டில் 39 மீட்டர் அகலக் கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி கட்டுகிறார்கள், அது வந்துவிட்டால் வேறு உலகத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிறார்கள், உண்மைதானா? ஜேம்ஸ் வெப் ஏற்கெனவே விண்வெளியில் இருக்கும்போது தரையில் இன்னொன்று எதற்கு?" இதுதான் கேள்வி.

பாதி உண்மை என்பேன். அந்தப் 'பார்த்து' என்ற சொல்லில்தான் சிக்கல். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வந்தாலும் இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின் காடும் கடலும் நம் கண்ணில் படப்போவதில்லை. கோள் முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்தெந்த இடத்தில் ஒளி குறைகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும் என்பதால், குறைந்த நிறத்தை வைத்து வாயுவைக் கண்டுபிடிக்கலாம். வாயுவை வைத்து உயிரை ஊகிக்கலாம். நெருப்பில்லாமல் புகையாது என்ற கணக்குதான். ஆனால் மலையுச்சியில் தெரிவது புகையா பனிமூட்டமா என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும். இந்தத் தேடலில் பலர் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் பலிக்கும் என்று ஒரு முறை நம் பூமியை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ விண்கலம், வேகம் கூட்டிக்கொள்வதற்காக 1990 டிசம்பரில் பூமியை உரசிக்கொண்டு போனது; 960 கிலோமீட்டர் உயரம்தான். வானியலாளர் கார்ல் சேகனும் அவர் கூட்டாளிகளும் அதன் கருவிகளை, பூமியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் போல, பூமியின் மேல் திருப்பினார்கள். கிடைத்ததை 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். காற்றில் ஆக்சிஜன் ஏராளம். மீத்தேன் கொஞ்சம்தான், ஆனால் ஆக்சிஜன் இவ்வளவு இருக்குமிடத்தில் அந்தக் கொஞ்சமும் இருக்கக் கூடாது. நிலத்தில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி (இலைப்பச்சைதான்). அப்புறம், இயற்கையில் எழும் மாதிரி இல்லாத ரேடியோ அலைகள். இத்தனையையும் ஒன்றாக வைத்துத்தான் 'உயிர் இருக்கிறது' என்று சொல்ல முடிந்தது. தலைக்கு மேலே 960 கிலோமீட்டரில் நின்று பார்த்தும் அந்த நிலை.

மீத்தேனும் ஆக்சிஜனும் ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருக்காது. காற்றில் விட்ட மீத்தேன் சுமார் பத்து ஆண்டுகளில் ஆக்சிஜனோடு சேர்ந்து அழிந்துபோகும். அப்படியும் நம் காற்றில் அது தீராமல் இருக்கிறது என்றால், யாரோ விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மாடு, நெல்வயல், சதுப்பு நிலம், கரையான் புற்று, இப்போது நம் எரிவாயுக் குழாய்களும். தனி வாயுவைத் தேடாதே, சேர்ந்திருக்கக் கூடாத ஜோடியைத் தேடு என்ற இந்த யோசனையை 1965இலேயே முன்வைத்தவர் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இதைவிடச் சிறந்த வழி யாருக்கும் தோன்றவில்லை என்பது என் கருத்து.

சரி, வெப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? வெப் இந்த வேலையைப் பெரும்பாலும் கிரகண முறையில் செய்கிறது. கோள் தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது, நட்சத்திர ஒளியில் துளியளவு அந்தக் கோளின் காற்றுவிளிம்பு வழியாக வடிகட்டி வருகிறது. அதைத்தான் வெப் ஆராய்கிறது. 2022இல் டபிள்யூஏஎஸ்பி-39பி என்ற கோளில் கார்பன் டை ஆக்சைடைத் தெளிவாகக் காட்டியது இப்படித்தான். அது ஊதிப் பெருத்த சூடான வாயுக்கோள்; காற்றுவிளிம்பு தடிமனாக இருந்ததால் காரியம் சுலபமாயிற்று. பூமி மாதிரிப் பாறைக்கோள் என்றால் அந்த விளிம்பு ஆப்பிளின் தோல் மாதிரி. 40 ஒளியாண்டு தொலைவில் ட்ராப்பிஸ்ட்-1 என்ற சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைப் பூமியளவுக் கோள்கள் ஏழு சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் முதல் இரண்டில் கனமான காற்று இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் வெப் காட்டிவிட்டது. மற்றவற்றைப் பார்க்கும்போது நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்புள்ளிகளே குறுக்கே வந்து குழப்புகின்றன.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கோள் குறுக்கே போனால்தான் இந்த முறை பலிக்கும். நமக்கு மிக நெருங்கிய புறக்கோளான (சூரியனை அல்லாமல் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்) ப்ராக்ஸிமா பி அப்படிப் போவதில்லை. 4.2 ஒளியாண்டில் இருக்கும் ப்ராக்ஸிமா செண்டாரியை 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, 2016இல் கண்டுபிடித்தார்கள். நிறை பூமியின் நிறையை ஒட்டியது, தண்ணீர் திரவமாக இருக்கத் தோதான தூரம். பக்கத்து வீடு, ஆனால் நம் ஜன்னலுக்கு நேராக அது நடமாடுவதில்லை. அதைப் படிக்க வேண்டுமென்றால் நட்சத்திரத்தின் ஒளி வேறு, கோளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி வேறு என்று பிரித்தெடுக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் 39 மீட்டர் வருகிறது. வானத்தில் அந்தக் கோளுக்கும் அதன் நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, சென்னையில் நின்றுகொண்டு புதுச்சேரியில் இருக்கும் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைப் பார்ப்பதற்குச் சமம். அந்த நாணயத்தின் ஒரு விளிம்பில் நட்சத்திரம், மறு விளிம்பில் அதைவிட ஒரு கோடி மடங்கு மங்கலான கோள். தொலைநோக்கியின் அகலம் கூடக்கூடத்தான் நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் கூடும். ஒளியின் இயல்பு அப்படி, கண்ணாடியை எவ்வளவு நன்றாக மெருகேற்றினாலும் மாறாது. இன்றுள்ள 8 மீட்டர் தொலைநோக்கிகளில் நட்சத்திரத்தின் ஒளிப்பொட்டு விரிந்து ஏறக்குறைய கோள் இருக்கும் இடம்வரை வந்துவிடுகிறது. 6.5 மீட்டர் வெப்பில் இன்னும் மோசம். 39 மீட்டரில் அந்தப் பொட்டு சுருங்கி, கோள் அதிலிருந்து ஒன்பது மடங்கு தள்ளி நிற்கும். அப்போதும் நட்சத்திரத்தின் பிரகாசம் சிதறி அங்கே விழத்தான் செய்யும், ஆனால் வேலை செய்ய ஒரு இடம் கிடைக்கும்.

ஐரோப்பியத் தெற்கு வான்காணகம் அடகாமா பாலைவனத்தில், ஆர்மசோனஸ் மலையின் உச்சியை 2014இல் வெடிவைத்துச் சமப்படுத்தி, 3046 மீட்டர் உயரத்தில் இதைக் கட்டுகிறது. அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே துண்டாக வார்க்கவும் முடியாது, மலைமேல் ஏற்றவும் முடியாது. அதனால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமுள்ள 798 அறுகோணத் துண்டுகள். ஜெர்மனியில் வார்த்து, பிரான்ஸில் மெருகேற்றி, கப்பலில் போகின்றன. எல்லாம் சேர்ந்தால் ஒளி சேகரிக்கும் பரப்பு 10,500 சதுர அடி. சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல். வெப்பின் கண்ணாடி 270 சதுர அடி, ஒரு பெரிய அறையின் தரை. இந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் முதல் ஒளியைப் பிடிப்பதாகத் திட்டம்.

இவ்வளவு செய்தும் தரையில் இருக்கிறோமே, நமக்கு மேலே காற்று இருக்கிறதே? நட்சத்திரம் கண்சிமிட்டுவது கவிஞருக்கு அழகு, தொலைநோக்கிக்காரருக்குத் தலைவலி. கலங்கும் காற்று ஒளியைக் குலைத்துவிட்டால் 39 மீட்டரும் வீண். அதற்காகத் தொலைநோக்கிக்குள் நாலாவதாக ஒரு கண்ணாடி வைக்கிறார்கள். 2.4 மீட்டர் அகலம், 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். அதன் முதுகில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உந்திகள் நொடிக்கு ஆயிரம் முறை அதை வளைத்து நெளித்து, காற்று கோணலாக்கிய ஒளியை நேராக்கும். எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரிய ஒரு குறி வேண்டுமே. அதற்கு லேசரை மேலே அடித்து, 90 கிலோமீட்டர் உயரத்தில் இயல்பாகவே இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிர வைத்துச் செயற்கை நட்சத்திரம் உண்டாக்குகிறார்கள். பக்கத்திலிருக்கும் பரனால் மலையில் இந்த லேசர் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது.

கண்சிமிட்டலைச் சரிக்கட்டிவிடலாம். காற்று செய்யும் இன்னொரு வம்பு அதைவிடப் பொல்லாதது. நாம் தேடும் வாயுக்களே நம் தலைக்கு மேல் இருக்கின்றன!

இதில் ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வில்லியம் சின்டன் என்ற அமெரிக்க வானியலாளர் 1950களில் செவ்வாயின் அகச்சிவப்பு ஒளியை ஆராய்ந்தார். முதலில் ஒரு நடுத்தரக் கருவியில், பிறகு 1958இல் அன்றைக்கு உலகிலேயே பெரியதான பாலமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில். கரிமச் சேர்மங்கள் ஒளியை விழுங்கும் இடத்தை ஒட்டியே செவ்வாயின் ஒளியிலும் பள்ளங்கள் தெரிந்தன. அதுவும் செவ்வாயின் கருமையான பகுதிகளில். தாவரம்தான் என்று தோன்றாதா? அவருக்கும் தோன்றியது, படித்த பலருக்கும் தோன்றியது. சில ஆண்டுகள் அறிவியல் உலகில் பலர் செவ்வாயில் தாவரம் இருக்கலாம் என்று கிட்டத்தட்ட நம்பினார்கள். 1965இல் குட்டு வெளிப்பட்டது: அந்தப் பள்ளங்களில் முக்கியமானவை டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) கலந்த நீராவியால் வந்தவை, அந்த நீராவி இருந்தது செவ்வாயில் இல்லை, நம் வானத்தில். அதைச் சொன்ன கட்டுரையில் சின்டனும் ஒருவராகக் கையெழுத்திட்டிருந்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்று ப்ராக்ஸிமா பியில் ஆக்சிஜன் தேடுவதும் இதே வலைக்குள் கால் வைப்பதுதான். ஆக்சிஜன் 760 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, சிவப்பின் கடைக்கோடியில், கூட்டமாக மெல்லிய கோடுகளைப் போடும். எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அந்தக் கோடுகள் தெரியும், ஏனென்றால் ஒளி கடைசியில் நம் காற்றைத் தாண்டித்தானே வந்து சேர்கிறது. நம் ஆக்சிஜன் போட்ட கோடு எது, அங்கிருந்து வந்த கோடு எது என்று எப்படிப் பிரிப்பது?

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த யோசனை. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒலி ஏறியும், தாண்டிப் போகும்போது இறங்கியும் கேட்கிறதல்லவா, ஒளிக்கும் அதே கதிதான். ப்ராக்ஸிமா நொடிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதன் கோள் நொடிக்குக் கிட்டத்தட்ட 47 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சுற்றுகிறது. ஆகவே கோளின் காற்றில் ஆக்சிஜன் இருந்தால், அதன் கோடுகள் பதினொரு நாளுக்கு ஒருமுறை இடமும் வலமுமாக ஊஞ்சலாடும். நம் காற்றின் கோடுகள் நட்ட கம்பம் மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். நட்சத்திரத்தின் சொந்தக் கோடுகளும் அநேகமாக அசையாது. ஆடுவது எதுவோ அதுதான் கோள். ஊஞ்சலின் வீச்சு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் ஆக்சிஜன் கோடு அதைவிட மெல்லியது என்பதால் பிரித்துவிடலாம். தரையில் கட்டப்போகும் ராட்சதத் தொலைநோக்கிகளை வைத்து இப்படி ஆக்சிஜன் தேடலாம் என்று இக்னாஸ் ஸ்னெல்லன் குழுவினர் 2013இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒளியை இவ்வளவு நுணுக்கமாகச் சீவிச் சீவிப் பிரித்தால் ஒவ்வொரு சீவலிலும் ஒளி மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். அதனால்தான் நாலு கிரவுண்டு கண்ணாடி. இந்த வேலைக்கான ஆண்டஸ் என்ற நிறமாலைமானி முதல் நாளே வராது, சில ஆண்டுகள் கழித்துத்தான் பொருத்துவார்கள்.

வைத்துக்கொள்வோம், ஆடும் கோடு கிடைத்துவிட்டது. ப்ராக்ஸிமா பியில் ஆக்சிஜன்! உயிர் உறுதியா? இல்லை. ப்ராக்ஸிமா போன்ற சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள் இளமையில் பல கோடி ஆண்டுகள் இப்போதைவிடப் பிரகாசமாக எரிகின்றன. புற ஊதாக் கதிரையும் வாரி இறைக்கின்றன. அதில் ஒரு கோளின் கடல் முழுதும் ஆவியாகி, நீர் மூலக்கூறு உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப்போக, ஆக்சிஜன் மட்டும் தங்கிவிடலாம். உயிரே இல்லாத கோளில், காற்று நிறைய ஆக்சிஜன். அதனால்தான் மீத்தேன் ஜோடியும் வேண்டும், நீராவியும் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கலாம். பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். 300 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறெங்கோ ஒருவர் இதே 39 மீட்டர் கண்ணாடியை நம் பக்கம் திருப்பியிருந்தால், ஆக்சிஜன் இல்லை என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருப்பார். கடல் முழுக்க நுண்ணுயிர் அப்போது.

2025 ஏப்ரலில் கே2-18பி செய்தி வந்தபோது எனக்கு வந்த வாட்ஸ்அப்பில் பாதி "வேற்றுலக உயிர் கண்டுபிடிப்பு" என்றே இருந்தது. 124 ஒளியாண்டு தொலைவில், சிம்ம ராசிப் பக்கம் இருக்கும் கோள் அது. பூமியைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, வெப் தரவுகளில் டைமெத்தில் சல்ஃபைடின் சாயல் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடல் மிதவை நுண்ணுயிர்கள். கடற்கரை வாசனையில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அவர்களே சொன்ன உறுதி மூன்று சிக்மா. தற்செயலாக இப்படித் தெரிய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று பொருள். கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஐந்து சிக்மா, அதாவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு வேண்டும். அதே தரவை மற்றவர்கள் எடுத்து, போட்டிக்கு வேறு மூலக்கூறுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சாயல் நிற்கவில்லை. போதாததற்கு, உயிரின் வாடையே இல்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் அந்தச் சேர்மம் இருந்ததாகத் தெரியவந்தது. இன்னொரு வேடிக்கை: இதே கோளில் நீராவி இருப்பதாக 2019இல் ஹப்பிளை வைத்துச் சொன்னார்கள். வெப் வந்து பார்த்ததும் அந்தப் பள்ளம் மீத்தேனுடையது என்றானது. கோள் மாறவில்லை, கண்ணாடிதான் பெரிதானது.

'உயிர்' என்று நீங்கள் கேட்டது பேசும், கருவி செய்யும் உயிரையும் சேர்த்து என்றால், அது ரேடியோ தொலைநோக்கிகளின் பாதை. 1960இல் ஃப்ராங்க் டிரேக் 26 மீட்டர் கிண்ணத்தை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பியதில் தொடங்கியது. அங்கேயும் நம் வீட்டுச் சத்தம்தான் தொல்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 2019இல் ப்ராக்ஸிமா திசையிலிருந்தே ஒரு சமிக்ஞை வந்தது. அலசிப் பார்த்ததில் பூமியின் மின்னணுக் கருவிகளின் குறுக்கீடு என்று முடிந்தது. அதே பார்க்ஸில் பல ஆண்டுகளாக அவ்வப்போது பதிவான விசித்திரத் துடிப்புகளுக்குக் காரணம், நேரம் முடியுமுன்னே யாரோ மைக்ரோவேவ் அடுப்பைத் திறந்ததுதான் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். பசி பொறுக்காது.

நம் பக்கத்துச் சேதி ஒன்று. ஹவாயின் மௌனா கீ மலைக்குத் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. அதன் 492 துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்றப் பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டையில் ஒரு கூடமே அமைத்திருக்கிறார்கள். துண்டுகளின் விளிம்பு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லும் உணரிகளை உருவாக்கும் வேலை புதுச்சேரியில் நடந்தது. ஆனால் மலையைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பால் கட்டுமானம் நின்றது. 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. ஏழு 8.4 மீட்டர் கண்ணாடிகளைச் சேர்த்து சிலியில் எழும் மெகல்லன் தொலைநோக்கியைத்தான் எடுத்துச் சென்றது. ஸ்பெயினின் லா பால்மா தீவு மாற்று இடமாகப் பேச்சில் இருக்கிறது. ஹவாயிலிருந்து பார்த்தால் ப்ராக்ஸிமா அடிவானத்துக்கு மேல் ஏழெட்டு டிகிரி உயரத்துக்குத்தான் வரும், எனவே அந்தக் கோளைப் பொறுத்தவரை சிலிக்காரர்களுக்குத்தான் யோகம்.

சூரியன் மாதிரி நட்சத்திரத்தைச் சுற்றும் அசல் பூமி? அங்கே ஒளி வேறுபாடு ஆயிரம் கோடி மடங்கு. தரையிலிருந்து முடியாது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதற்காக நாசா 2040களை மனத்தில் வைத்து ஒரு விண்வெளித் தொலைநோக்கியைத் திட்டமிடுகிறது.

என்னைக் கேட்டால், கண் வைக்க வேண்டிய இடம் ப்ராக்ஸிமாதான். மே மாத நடுவில், இரவு பதினோரு மணி வாக்கில், கன்னியாகுமரிப் பக்கம் தெற்கே மரமும் விளக்கும் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்கு இருபது டிகிரி மேலே பிரகாசமாக இரண்டு நட்சத்திரங்கள் பக்கம்பக்கமாக நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி. அதிலிருந்து நாலு நிலா அகலம் தள்ளி, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் ப்ராக்ஸிமா இருக்கிறது.